ஓடியவர் இறந்தார், உட்கார்ந்திருப்பவர் தப்பித்துவிடுவாரா?

"புனீத் உடம்பை எப்படி வச்சிருந்தார்! ஜிம்முக்குப் போய்த்தானே போய்ச் சேர்ந்தார்? பேசாம நம்ம வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்தா ஆயுசு கெட்டி." பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இருக்கிற ஒருவரிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்றால், மறுநொடி வருகிற பதில் இதுதான். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. விளையாட்டு மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு வதந்தி நடைப்பயிற்சிகளைத் தடுத்து நிறுத்தியதால் நடந்திருக்கும் கேடு, எந்த ஜிம்மும் செய்ததைவிடப் பெரிது.

நடந்ததை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, 46 வயதில் இறந்தார். உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று குடும்ப மருத்துவரிடம் போனார். அங்கிருந்து மருத்துவமனை சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. பயிற்சிக்குப் பின் நடந்தது என்பது உண்மை. பயிற்சி செய்யாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட கதை. இதயத் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிவது ஒரு நாள் காலையில் ஆரம்பிக்கிற வேலையல்ல. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பரம்பரை எல்லாம் சேர்ந்து பத்து, இருபது ஆண்டுகளாக அங்கே படிவு கட்டியிருக்கும். கடும் உழைப்பில் ரத்த அழுத்தம் ஏறும்போது அந்தப் படிவு வெடிக்கலாம். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து தமனியை அடைக்கும். தூண்டுதல் வேறு, காரணம் வேறு.

இந்தக் கதை அமெரிக்காவிலும் ஓடியதுதான். ஓட்டப் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற ஜிம் ஃபிக்ஸ் 1984-இல் ஓடும்போதே இறந்தார், வயது 52. "ஓட்டம்தான் கொன்றது" என்று அங்கேயும் கொண்டாடினார்கள். அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43-இல் மரணம் என்பதை யாரும் பேசவில்லை. ஓட ஆரம்பிக்கும் முன் ஃபிக்ஸ் நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். பிரேதப் பரிசோதனையில் தமனிகளில் பெரிய பெரிய அடைப்புகள் இருந்தன. டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது மறுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடம் என்று ஒன்று இருந்தால் அந்த மறுப்புதான்.

இனி எண்களுக்கு வருவோம். 1993-இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரை விசாரித்து ஓர் ஆய்வு வெளியானது. கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறதா என்பது கேள்வி. கூடுகிறது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ பயிற்சி செய்கிறவர்களுக்கு 2.4 மடங்கு. எந்தப் பயிற்சியுமே இல்லாமல் என்றாவது ஒரு நாள் திடீரென்று மல்லுக்கட்டுகிறவர்களுக்கு 107 மடங்கு! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஆபத்து பயிற்சியில் இல்லை, பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் முறுக்குவதில்தான் இருக்கிறது.

அந்த 107 மடங்குக்காரரை நம் ஊர்களில் எங்கே பார்க்கலாம் என்று நான் சொல்கிறேன். காணும் பொங்கலன்று, "திருமணமானவர்கள் – ஆகாதவர்கள்" கபடி மைதானத்தில். வயது நாற்பத்தைந்து. ஆண்டு முழுவதும் பைக்கை விட்டு இறங்காதவர். முதல் நாள் ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் கறிச்சோறு வேறு. மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ரெய்டு போகிறார். மூச்சு வாங்க, முகம் வெளுத்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறார். சுற்றியிருப்பவர்கள் விசிறிவிட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, இன்னொரு ரெய்டுக்கு அனுப்புகிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-இல் வெளியிட்ட ஆய்வையும் சிலர் என்னிடம் நீட்டுகிறார்கள். 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது. இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு செய்தது ஒரு காரணியாக அதில் வருகிறது, உண்மைதான். அதே பட்டியலில் அதே 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிக் குடித்ததும், குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருப்பதும், கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்ததும் வருகின்றன. அந்த வரிகளை விட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது அயோக்கியத்தனம். கொரோனா தடுப்பூசிதான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்கிறவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே சாலை. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. வந்தவர்களுக்கும் தாமதமாகவே வந்தது. மாரிஸ் தாமும் விடாமல் பயிற்சி செய்து 99 வயது வரை வாழ்ந்தார்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

"இதயத்துக்கு இத்தனை துடிப்புதான் என்று எழுதியிருக்கு, ஓடினா சீக்கிரம் தீர்ந்துடும்." கணக்கே தப்பு. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறவருக்கு ஒரு நாளில் 1,03,680 துடிப்பு. பயிற்சியால் ஓய்வுநேரத் துடிப்பு 60-க்கு இறங்கியவர், ஒரு மணி நேரம் 130 துடிப்பில் ஓடினாலும் 90,600-தான் ஆகிறது.

"காட்டு வேலை செய்கிற எங்களுக்கு வராது." செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பறிக்கிற பெண்களுக்குப் பொருந்தலாம். பைக்கில் வரப்பு வரை போய், டிராக்டர் உழுவதை நின்று பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பொருந்தாது. வேலை செய்கிறவரானாலும் ரத்தக்கொதிப்பை அளந்தே ஆக வேண்டும்.

"போன மாசம் ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல்." ஈ.சி.ஜி. அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். படியேறும்போது நெஞ்சு இறுகினால் அந்தத் தாளைக் காட்டி வாதாடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள், கடும் பயிற்சியில் இறங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். விளையாடும்போது மயங்கி விழுந்த பையனை, எக்கோ வரை பார்க்காமல் மறுபடி களத்தில் இறக்காதீர்கள். 2022 ஜூலையில், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி அருகே கபடிக் களத்திலேயே ஓர் இளைஞர் உயிர்விட்டார். அதற்குப் பிறகும் மருத்துவ ஏற்பாடு இல்லாமல் போட்டி நடத்துவது குற்றம்.

"வாயுப் பிடிப்புதான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்." இந்தப் பேச்சு உயிரை எடுக்கிறது. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குப்பென்று வியர்வை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தொடர்ந்து இருமினால் பிழைக்கலாம் என்ற செய்தி சுத்தப் பொய், அழித்துவிடுங்கள்.

நடக்க இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் வேலிச் செடியின் இலைகூட வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அந்தத் தூசியை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நடப்பது இதயத்துக்கு நல்லதல்ல. மைதானத்துக்குப் போங்கள்.

மைதானம் என்றதும் நெடுநாளாக மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற அந்த நாற்பத்தைந்து வயதுக்காரரை உருவாக்குவது நம் பள்ளிக்கூடங்கள்தான். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அது கால அட்டவணையில் மட்டும் இருக்கிறது. பதினைந்து வயதில் ஓட்டத்தை நிறுத்திய உடம்பு முப்பது ஆண்டு கழித்து மருத்துவர் சொன்னதும் ஓடிவிடுமா? பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம் 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடினார், கைதட்டினோம். அவரைப் போல ஆட வராத பிள்ளைக்கும் இதயம் ஒன்று இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: பொதுத்தேர்வு ஆண்டானாலும் பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரமாவது மைதானத்தின் கேட்டைப் பூட்டாமல் வையுங்கள்.