ஆசிரியரை அளக்கும் கோல்

பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த மறுநாளே ஆசிரியரை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடை வேரூன்றியுள்ளது. சித்தியெய்தினோர் தொகை கூடின் வல்லவர், குறையின் வல்லாதவர். வன்னிப் பெருநிலத்தில் இவ்வளவை நேரியதாதல் அரிது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிற்கு முன்னும் பின்னும் மரநிழலிலும் கொட்டிலிலும் கற்ற பிள்ளைகளைப் பெற்ற ஆசிரியரையும், நிலைபெற்ற நகரப் பாடசாலை ஆசிரியரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது முறையோ? பெறுபேற்றினுள் பிள்ளையின் வீடும் வயிறும் வழித்தொலைவும் அடங்கும். ஆசிரியர் செய்தது அதனுள் ஒரு கூறே.

இதன் கேட்டை உலகம் முன்னரே கண்டது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் வகுத்த விதி, வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் மாணவர் பெற்ற தேர்ச்சிக்கேற்பப் பாடசாலைக்கு நன்கொடை அளித்தது. விளைந்தது யாது? பிள்ளைகள் வாசிப்பு நூலை மனனஞ்செய்து ஒப்புவித்தனர். வித்தியாதரிசியாக விளங்கிய கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதனைக் கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் அம்முறை கைவிடப்பட்டது.

நம் பவணந்தி முனிவர் சென்ற வழி வேறு. ஆசிரியராகாதார்க்கு நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் உவமை நான்கும் பயனையன்றிக் கொடுக்கும் முறையையே சுட்டுவன. கழற்காய் பெய்த குடம் இட்ட முறையிற் கொடாது. பாடத்தின் ஒழுங்கு சிதைவதைப் பின்வாங்கில் இருப்பவரும் காணலாம். மடற்பனையை வன்னியார்க்கு விளக்க வேண்டுவதில்லை. பழம் தானாக வீழ்ந்தாலன்றி எவரும் அணுகவியலாது. மாணவர் வினவ அஞ்சும் வகுப்பு அதுவே. ஒரு பாடவேளையில் அவர்கள் தாமாக எழுப்பிய வினாக்களை எண்ணினால் உண்மை புலனாகும். பஞ்சடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே தரும். முடத்தெங்கோ, ஒருவர் நீர்வார்க்க அயல்வளவிற் காய் உதிர்க்கும். பகலிற் பாடசாலையிற் சோர்ந்து, மாலையிற் தனியார் வகுப்பிற் சுறுசுறுப்படைவோர் இதனுட் படுவர். இஃது எந்த அவதானிப்புத் தாளிலும் ஏறாது; ஊரார் அறிவர்.

மேரி பட் ரோ என்னும் ஆய்வாளர் 1974இல் ஒன்றைக் காட்டினார். வினாவியபின் ஆசிரியர் பலர் ஒரு வினாடியளவே காத்திருக்கின்றனர். மூன்று வினாடி பொறுப்பின் விடைகள் நீள்கின்றன, விடை கூறுவோரும் பெருகுகின்றனர். இதனை அறியக் கைக்கடிகாரம் போதும். வகுப்பின் அமர்விடப் படம் ஒன்று வரைந்து, விடையிறுக்கும் பிள்ளைக்கு ஒரு கோடு இடுக. கோடுகள் முன்வாங்கிலேயே திரண்டிருப்பின் வாதம் வேண்டா. தமிழ்ப் பாடத்திற்கு இன்னுமொரு சான்றுண்டு: ஐந்து கட்டுரைக் கொப்பிகளை விரித்து, சென்ற முறை திருத்திய ஒற்றுப்பிழை அடுத்த கட்டுரையில் மீண்டதா எனப் பார்த்தல். பாடக்குறிப்பேட்டிற் கையொப்பமிட்டு, "நன்று" என ஒரு சொல் எழுதித் தேநீர் அருந்திச் செல்லும் மேற்பார்வையால் எவர்க்குப் பயன்?

ஒருவர் ஒருநாட் கண்டதும் போதாது. அமெரிக்காவில் 2009 தொடங்கி ஏறத்தாழ 3000 ஆசிரியரிடை நடந்த ஆய்வும், பார்வையாளர் பலராதலே நம்பத்தக்கது என்றது. நம் கல்லூரியில் அதிபரும் உடனாசிரியர் ஒருவரும் தவணைக்கு இருமுறை வகுப்பிற் சென்றிருக்கலாம். எழுதிய தாளை அன்றே ஆசிரியரிடம் காட்டுதல் வேண்டும். முதலாண்டில் அத்தாள் இடமாற்றத்துக்கோ பதவியுயர்வுக்கோ செல்லலாகாது. சென்றால் பார்வையாளருக்கென ஒத்திகை பார்த்த பாடமே நடக்கும்.