சமைத்தவரும் அமரும் பந்தி

பகற்சாப்பாடு என்றதும் முதலில் சோறும் கறியும்தான் நம் நினைவுக்கு வரும். யாரோடு சாப்பிட்டோம் என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை. ஆனால் வருடங்கள் போனபின் நினைத்துப் பார்த்தால், அன்று என்ன கறி என்பது மறந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர் யார், என்ன பேசிச் சிரித்தோம் என்பது மறந்திருக்காது. கூடி உண்பதன் பயன் வயிற்றோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

தமிழ் வகுப்பில் விருந்தோம்பல் பற்றிக் கற்பிக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி என் மனதில் எழுவதுண்டு. விருந்தினரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். விருந்தளிப்பவரின் பெருமையையும் பேசுகிறோம். ஆனால் அடுப்படியில் நின்று சமைத்தவர் எப்போது, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்கிறோமா? மாணவியரே, இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் இலக்கியத்தையும், மார்க்க நெறியையும், எங்கள் பொல்பிட்டியப் பக்கத்து வழக்கங்களையும் பார்ப்போம்.

இலக்கியம் சொல்வது

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். அதிலிருந்து புதிதாக வருபவரை அது குறிக்கலாயிற்று. பிறகு அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இன்று நாம் விருந்து என்றால் புரியாணியையும் பொரித்த கோழியையும் நினைக்கிறோம். ஆளில் தொடங்கிய சொல் கடைசியில் சட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆவது அதிகாரம். அதற்கு முன்னே நிற்பது அன்புடைமை. பின்னே வருவது இனியவை கூறல். இந்த வரிசையை மாணவியர் கவனிக்க வேண்டும். மனதில் அன்பு, நடுவில் சோறு, வாயில் இனிய சொல். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பந்தி நிறைவதில்லை.

புறநானூற்றின் 182ஆம் பாடலைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. இவ்வுலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று அவர் சிந்திக்கிறார். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் அதைத் தனியே உண்ணாத மனிதர் இருக்கிறார்கள் என்பதை முதற் காரணமாகச் சொல்கிறார். பகிர்ந்து உண்பது நல்ல பழக்கம் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உலகத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றாகவே அதைக் கருதுகிறார்.

இதே எண்ணத்தைக் கதையாகச் சொல்வது மணிமேகலை. ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அவன் அதைக்கொண்டு ஏழைகளுக்கும் இயலாதோருக்கும் உணவளிக்கிறான். பின்னர் நாட்டில் மழை பொழிந்து வளம் பெருக, அவனிடம் உணவு கேட்டு வருவோர் இல்லாமற் போகின்றனர். பசியுள்ள நாட்டைத் தேடிக் கப்பலேறிய அவன், மணிபல்லவத்தில் இறங்கிய வேளையில் கப்பல் அவனை விட்டுப் போய்விடுகிறது. மணிபல்லவம் நம் நாட்டின் நயினாதீவே என்று கருதுவோரும் உண்டு. ஆளில்லாத் தீவு, கையில் குறையாத சோறு. பலரின் பசி தீர்க்கும் பாத்திரத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்ப அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

இக்கதையில் நாம் சாதாரணமாகக் கவனிக்காத ஒன்று உண்டு. அமுதசுரபிக்கு விறகு வேண்டாம். அரிசி களைய வேண்டாம். தேங்காய் துருவ வேண்டாம். அங்கே சமைப்பவர் என்று ஒருவரே இல்லை. நம் வீடுகளில் நிலை அப்படியா? அந்தப் பாத்திரத்தின் வேலையை உம்மாமார்தான் செய்கிறார்கள். பாத்திரம் பந்தியில் உட்காராவிட்டால் யாரும் கவலைப்படப் போவதில்லை. உம்மா உட்காராவிட்டால் அது வேறு விஷயம்.

சஹனைச் சுற்றி ஆறு பேர்

இலங்கை முஸ்லிம்களின் கலியாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் சஹன் சாப்பாடு பழைய வழக்கம். சஹன் என்பது அரபுச் சொல். உணவுத் தட்டைக் குறிப்பது. நிலத்தில் விரித்த துணியின் மேல் பெரிய சஹனை வைத்து, அதைச் சுற்றி வழக்கமாக ஆறு பேர் அமர்வார்கள். கை கழுவத் தண்ணீரும் பாத்திரமும் இருந்த இடத்துக்கே வரும். நெய்ச்சோறு, இறைச்சி, கோழி, அச்சாறு எல்லாம் ஒரே சஹனில், முடிவில் வட்டிலப்பம்.

சஹனில் தலைமாடு, கால்மாடு கிடையாது. கடை முதலாளியும் அவருடைய கடையில் வேலை செய்பவரும் ஒரே சோற்றில் கை வைக்கிறார்கள். அதனால் அதற்கென்று ஓர் ஒழுங்கும் தேவைப்படுகிறது. நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்ற சிறுவரின் கை தட்டெங்கும் அலைந்தபோது, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னால் உள்ளதிலிருந்து உண்ணுமாறு அவர்கள் கற்பித்தார்கள். சிறுவர் விரட்டப்படவில்லை, பந்தியில் இருந்தபடியே பழக்கப்பட்டார். பிள்ளைகளைப் பெரியவர்களோடு அமர்த்திச் சாப்பிட வைப்பதன் பயன் இதிலிருந்து பெற்றோருக்கு விளங்கும்.

நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு போதனையும் உண்டு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியிருக்கிறது. உணவைத் தயாரித்துக் கொண்டுவரும் பணியாளர் அடுப்பின் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர். ஆகவே அவரைக் கூட அமர்த்திக்கொள்ள வேண்டும். இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பணியாளருக்கே இந்த உரிமை என்றால், பெற்ற தாய்க்கும் சகோதரிக்கும் எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்! எல்லோரும் எழுந்தபின் அடிச்சோற்றோடும் ஆறிய கறியோடும் அடுப்படியில் தனியே சாப்பிடுவதைப் பல வீடுகளில் தாய்மாரின் தியாகம் என்று புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியை விட, அவர்களுக்குப் பாயில் ஓர் இடம் விடுவது மேலானது.

தேயிலை மலையில் ஒரு பந்தி

பொல்பிட்டிய என்ற பெயரில் 'பொல்' என்பது சிங்களத்தில் தேங்காய். 'பிட்டிய' என்பது வெளி. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் வெளியூராருக்கு இவ்வூரின் பெயர் தெரியும். மேலே ஏறினால் லக்சபான பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். கீழே இறங்கினால் கித்துல்கலவும் களனி கங்கையும். மூன்று சமூகத்தவரின் சாப்பாட்டு வழக்கங்களையும் அருகிலிருந்து பார்க்க இது வாய்ப்பான ஊர்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பகற்சாப்பாடு எளிமையானது. விடியுமுன் எழுந்து சுட்ட கோதுமை மா ரொட்டி, இடித்த சம்பல், சில நாள் கிழங்குக் கறி, போத்தலில் சாயத் தேத்தண்ணி. கூடையை இறக்கி வைத்துவிட்டு மரநிழலிலோ பாதையோரத்திலோ நாலைந்து பேராக அமர்வார்கள். ஒருவர் சம்பலை நீட்ட, இன்னொருவர் கருவாட்டுத் துண்டை எடுத்து வைப்பார். "அக்கா, ஒங்க சம்பல் தாங்க" என்று கேட்பதில் அங்கே வெட்கமில்லை.

இதை நான் வறுமையின் அழகு என்று காட்ட வரவில்லை. மழைக்கு ஒதுங்கவும், மருந்து தெளித்த செடிகளுக்கிடையே வேலை செய்த கையைக் கழுவவும் அவர்களுக்கு வசதி வேண்டும். அதைக் கேட்பது அவர்களின் உரிமை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பந்தியில் இருப்போர் எல்லோருமே சமைத்தவர்கள், எல்லோருமே உட்கார்ந்திருப்பவர்கள். பரிமாற ஒருவர் நிற்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் பிறகு சாப்பிடும் பெண்கூட, மலையில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறாள். கதை பேசி, பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி, கவலையை இறக்கி வைக்கிறாள்.

வெளியே ஒரு சோற்றுப் பார்சல்

சிங்களக் கிராமங்களில் வயலில் வேலை செய்வோருக்கு வீட்டிலிருந்து சோறு எடுத்துச் செல்லும் பழைய வழக்கம் உண்டு. இலையில் கட்டிய சோற்றைப் 'பத் முல' என்பார்கள். நம்முடைய சோற்றுப் பார்சலும் அதன் உறவுதான். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் ஏ7 வீதியில் பயணிப்போர் கித்துல்கலவில் நிறுத்திப் பகற்சாப்பாடு சாப்பிடுவது சாதாரணக் காட்சி. கடையில் வாங்கியும் சாப்பிடலாம்; வீட்டிலிருந்து கட்டிப் போயும் சாப்பிடலாம்.

கட்டிப் போவதற்குச் சில நுட்பங்கள் உள்ளன. வாழையிலையை நெருப்பில் இலேசாக வாட்டினால் கிழியாமல் மடியும். முன்பு பரவலாக இருந்த 'லஞ்ச் ஷீட்' எனும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பரில் அரசாங்கம் தடை செய்தது. வாழையிலைக்கு எந்தத் தடையும் தேவைப்படவில்லை. சோற்றின் ஆவி சற்று அடங்கியபின் கட்ட வேண்டும். பருப்பைக் கட்டியாகக் காய்ச்சி, கிழங்கைப் பிரட்டலாகச் செய்து, நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து வைத்தால் ஒழுகாது. பச்சைத் தேங்காய்ச் சம்பல் சூட்டில் விரைவாகப் பழுதாகும். ஹட்டன் குளிரில் தாங்குவது பொல்பிட்டியச் சூட்டில் தாங்காது. தூரப் பயணமானால் வெங்காயமும் மிளகாயும் மாசியும் சேர்த்து வதக்கிய சம்பல் நல்லது.

இந்தப் பார்சலின் சிறப்பு ருசி மட்டுமன்று. ஆளுக்கொன்று கட்டியாகிவிட்டால் பரிமாறும் வேலை முடிந்தது. ஆற்றங்கரையில் அவிழ்க்கும்போது உம்மாவின் கையிலும் ஒரு பார்சல் இருக்கும். "இன்னுங் கொஞ்சம் சோறு போடவா?" என்று எழுந்து போக அங்கே அடுப்படி இல்லை. வெளியே போய்ச் சாப்பிடும் நாளில் வீட்டுப் பெண்களின் முகத்தில் தெரியும் மலர்ச்சிக்கு ஆறும் மலையும் மட்டுமா காரணம்? உட்கார்ந்தே இருக்கலாம் என்ற நிம்மதியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டில் எப்படி?

பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடுகிறது. ஒரு பிள்ளை இரண்டு மணிக்குச் சாப்பிட்டு டியூஷனுக்கு ஓடுகிறது. மற்றப் பிள்ளை நாலு மணிக்கு வருகிறது. வாப்பா கடையிலிருந்து இடையில் வருகிறார். மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்வோரின் வீடுகளில் நேரம் இன்னும் சிதறும். இதற்காக யாரும் மனம் நோக வேண்டியதில்லை. சேர்ந்து உண்பதிலும் தனித்தனியாக உண்பதிலும் குற்றமில்லை என்று அல்குர்ஆனின் ஸூரத்துந் நூர் 61ஆம் வசனம் இலகுவாக்கித் தந்திருக்கிறது. தினமும் முடியாதென்றால் கிழமைக்கு ஒரு நாள் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகோ ஞாயிறு பகலோ வீட்டுக்கு ஏற்ற நேரத்தைப் பெற்றோர் தீர்மானிக்கலாம்.

அந்த ஒரு நாளுக்கு எங்கள் வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். கறி மூன்றுக்கு மேல் இல்லை. பொரியல் முன்னதாகவே முடிய வேண்டும். சாப்பிடும் நேரத்தில் அடுப்பில் எதுவும் இருக்கக்கூடாது. தண்ணீர், உப்பு, அகப்பை எல்லாம் முதலிலேயே பாயருகே வந்துவிட வேண்டும். இது பிள்ளைகளின் வேலை. தொலைபேசிகள் அலுமாரி மேல். உம்மா அமர்ந்தபின்தான் பிஸ்மில்லாஹ். முதலில் அவர் "நீங்க சாப்பிடுங்க மகள், நான் வாறன்" என்றே சொல்வார். "நீங்க இருந்தாத்தான் உம்மா" என்று நாங்களும் விடுவதில்லை. பிறகு கழுவுவது ஆண்பிள்ளைகள் உட்பட எல்லோரும்.

விருந்தினர் வந்தாலும் இதே ஒழுங்குதான். பத்துக் கறியோடு வீட்டுக்காரி நின்று பரிமாறுவதா, மூன்று கறியோடு கூட இருந்து கதைப்பதா என்று நல்ல சிநேகிதியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் தேடி வந்தது உங்களைத்தான். கறி குறைந்தால் பரவாயில்லை. நீங்கள் அடுப்படியில் நின்றுவிட்டால் அவள் வந்த காரியம் ஆகாது.

செய்து பாருங்கள்

மாணவியரே, பயிற்சியாக இரண்டு காரியங்களைத் தருகிறேன். முதலாவது, உங்கள் உம்மாவோ பாட்டியோ சிறுவயதில் யாரோடு, எங்கே இருந்து பகற்சாப்பாடு சாப்பிட்டார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். கறிகளின் பெயர்களை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டாவது, வரும் விடுமுறையில் ஒரு பகற்சாப்பாட்டை நீங்கள் சமையுங்கள். பருப்பும் சம்பலும் பொரித்த முட்டையும் போதும். சமைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாயை விரிக்கும்போது ஆட்களை எண்ணுங்கள். அடுப்படியில் நிற்பவரையும் சேர்த்தே எண்ணுங்கள்.