மகனை மறுபடி கேட்கலாமா?

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து பெற்றபோது, மகன் அவன் அப்பாவிடம் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தேன். இப்போது அவனுக்குப் பத்து வயது. என்னிடம் வர ஆசைப்படுகிறான். இனி வழியே இல்லையா? – வாசகி, ஈரோடு

நிச்சயம் இருக்கிறது, அம்மா. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு என்றைக்குமே இறுதியானதல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, விவாகரத்துக்குப் பிறகும் அதை மாற்றக் கோரலாம். உங்களைப் போலவே சம்மதத்தோடு பிரிந்த தம்பதியின் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

விவாகரத்து தந்த நீதிமன்றத்திலேயே மனு போடுங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் மனுவின் உயிர்: உங்கள் வேலை, வீடு, அவன் படிப்பு. அவன் அப்பாவின் குறைகளால் பக்கங்களை நிரப்பாதீர்கள். நீதிபதி மகனைத் தனியே அழைத்துப் பேசக்கூடும்; தயவுசெய்து அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம். முதலில் அவன் அப்பாவிடம் பேசிப் பாருங்கள். அவரும் ஒப்புக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.