வீட்டுப் பட்டறைக்கு மேசை ரம்பம்

ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக் கீழறையில், ஓய்வு நேரத்தில் அலமாரிகள் செய்து வருகிறேன். மேசை ரம்பம் வாங்க எண்ணும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலில் மின்சாரம். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் பிளக் தருவது 1150 வாட்டே. 10 அங்குல ரம்பத்தின் மோட்டாருக்குப் பெரும்பாலும் 1500 வாட்டாவது வேண்டும். ஆகவே 15 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம்.

மோட்டாரைவிட முக்கியம் பாதுகாப்பு. அறுபடும் மரம் நெருங்கி, ரம்பத்தின் பின்பக்கப் பற்களில் சிக்கினால், பலகை அறுப்பவர் மீதே பாயும், கையும் இழுபடலாம். இதைத் தடுப்பது, ரம்பத்தின் பின்னால் அதனுடனே ஏறி இறங்கும் 'ரைவிங் நைஃப்' என்னும் தகடு. அது இல்லாத ரம்பம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பலகையை அணைத்துத் தள்ளும் நேர்ச்சட்டம் ரம்பத்துக்கு இணையாக, அசையாமல் பூட்டுகிறதா என்று கடையிலேயே அளந்து பாருங்கள்.

8க்கு 4 அடி பிளைவுட்டைச் சிறிய அறையில் தனியாளாகத் தள்ளுவது ஆபத்து. கடையிலேயே பெரிய துண்டுகளாக அறுத்து வாங்கினால் சிறிய ரம்பமே போதும்.

நம் வீடுகளில் பட்டறைக்கு அருகிலேயே பிள்ளைகள் விளையாடுவார்கள். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.