எதைப் பூட்டுவது, எதைப் பூட்டாமல் விடுவது

திருவல்லிக்கேணி

அன்பு மருமகளுக்கு,

பள்ளியில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை இந்த வருஷம் உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். "சத்து மாத்திரைதானே அத்தை, வாரத்துக்கு ஒரு நாள் வேலை" என்று நீ போனில் சொன்னது என் மனசுக்கு ஒப்பவில்லை. பணிக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2023 மார்ச்சில் உதகை காந்தலில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அங்கே நகராட்சி உருதுப் பள்ளியில், யார் அதிகம் விழுங்குவது என்று பிள்ளைகள் போட்டி போட்டு இரும்புச்சத்து மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திக்குக் கல்லீரல் செயலிழந்தது. மேல்சிகிச்சைக்குச் சென்னைக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்துபோனாள். ரத்தசோகை வரக்கூடாது என்று அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை அது. ஒன்று மருந்து, கைநிறைய அள்ளினால் விஷம்.

பெரிய பிள்ளைகளுக்கான நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சின்னதுகளுக்கான ரோஸ் மாத்திரையில் 45. உடம்பு எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனாலே வயிறு புரட்டத் தொடங்கும். கிலோவுக்கு 60 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கணக்குப் போட்டுப் பார். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒன்பது ரோஸ் மாத்திரை போதும், தொந்தரவு ஆரம்பிக்க. பார்வைக்கு மிட்டாய் மாதிரி இருப்பதை மேஜைமேல் வைத்துவிட்டு நீ அட்டெண்டன்ஸ் எடுக்கப் போகலாமா?

இன்னொன்றையும் மறக்காதே. அதிகம் சாப்பிட்ட பிள்ளைக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அப்புறம் சில மணி நேரம் தெளிந்துவிட்டதுபோல இருக்கும். இரும்பு கல்லீரலைத் தாக்குவது அதற்குப் பிறகுதான். "சரியாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. சந்தேகம் வந்த உடனேயே 108-ஐக் கூப்பிடு. காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போ. எத்தனை மாத்திரை போயிருக்கும் என்று டாக்டர் கேட்கும்போது அந்த அட்டைதான் பதில் சொல்லும்.

அதனால் மாத்திரை பூட்டுக்குள் இருக்க வேண்டும். வந்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, மீதி எத்தனை என்று அன்றன்றைக்கே எழுதிவிடு. வகுப்புத் தலைவன் கையில் அட்டையைக் கொடுத்து அனுப்பாதே. சாப்பிட்ட பிறகு, தண்ணீரோடு, உன் கண்முன்னால் விழுங்கட்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஒருத்தி வாந்தி எடுத்தால் வகுப்பே பயந்துவிடும். நம் பகுதியில் ரம்ஜான் மாதம் நோன்பிருக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களைக் கட்டாயப்படுத்தாதே, நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு வீட்டில் கொடுக்க முடியுமா என்று அம்மாவிடம் பேசு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவை. குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோலும் இப்படித்தான், கண்முன்னால். அதை மென்று தின்ன வேண்டும். அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம். விடுபட்டவர்களுக்கென்று தனி நாள் உண்டு.

அடுத்தது, வீட்டிலிருந்து வரும் மருந்து. டிபன் பாக்ஸுக்குள் காகிதத்தில் மடித்து, "மத்தியானம் ஒண்ணு குடுங்க டீச்சர்" என்று அனுப்புவார்கள். பைகிராப்ட்ஸ் ரோடு மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத்தான் தருவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். பெயர் தெரியாத மாத்திரையை நீ எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. டாக்டர் சீட்டின் நகல், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், பெயர் தெரியும் அட்டை, இந்த மூன்றும் வேண்டும். முகம் கோணினாலும் பரவாயில்லை. உன் கைப்பையில் இருக்கும் தலைவலி மாத்திரையை இரக்கப்பட்டுக் கொடுப்பதும் கூடாது.

இவ்வளவு பூட்டச் சொன்ன நானே, பூட்டக் கூடாததையும் சொல்கிறேன். ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் பீரோவுக்குள் போகவே கூடாது. மூச்சு முட்டும்போது சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அது பிள்ளையின் பையிலோ, சின்னக் குழந்தையானால் வகுப்பாசிரியர் கையிலோ இருக்கட்டும். மெரினாவுக்கு விளையாடப் போனாலும் கூடவே போகட்டும்.

முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கும் அப்படியே. பள்ளியில் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் தின்பண்டம் சாப்பிடவும் விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. ஊசி போட அந்தப் பிள்ளையைக் கழிவறைக்கு அனுப்பாதே; சுத்தமான ஓர் இடம் கொடு. கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு. எந்த நிலையிலும் அந்தப் பிள்ளையைத் தனியாக ஆபீஸ் ரூமுக்கு நடக்க விடாதே.

திங்கட்கிழமை போனதும் தலைமையாசிரியரிடம் பூட்டுள்ள அலமாரி ஒன்று கேள். சாவி உன்னிடம் ஒன்று, நீ லீவு போடும் நாளுக்கு இன்னொரு டீச்சரிடம் ஒன்று. அப்படியே உன் பள்ளியில் இன்ஹேலரும் இன்சுலினும் வைத்திருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியப்படுத்து. பட்டியல் முடிந்ததும் எனக்கு ஒரு போன் போடு.

உன் அத்தை