விபத்து இழப்பீடு: ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடாதீர்கள்

பைக்கில் வேலைக்குப் போகும்போது லாரி இடித்து ஒருவருக்கு இடது கை போய்விட்டது என்று வையுங்கள். அந்தக் கைக்குச் சட்டத்தில் ஒரே விலை கிடையாது. அவர் தச்சரோ டிரைவரோ என்றால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய 100 சதவீதமும் போனதாகக் கொள்ளலாம். அரசு அலுவலக குமாஸ்தா என்றால் அதே மேசையில் தொடர்ந்து வேலை பார்க்க முடியும். வருங்கால வருமானம் போயிற்று என்று அவர் கேட்பதற்கு அதிகம் இருக்காது. 2010இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் சொன்ன உதாரணம் இது. நம் ஆட்கள் மருந்து பில்லையெல்லாம் பத்திரமாக ஃபைல் போட்டு வைக்கிறார்கள்; பார்க்கிற வேலைக்கும் வாங்குகிற சம்பளத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பெரிய தொகையை இழப்பது அங்கேதான்.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் காயம்பட்டவர் கேட்கக்கூடிய பணத்தை அந்தத் தீர்ப்பு இரண்டு வகையாகப் பிரித்தது. ஒன்று, கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய இழப்பு. சிகிச்சை, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, ஆம்புலன்ஸ், சத்தான உணவு ஆகிய செலவுகள், படுத்திருந்த நாள்களின் சம்பளம், நிரந்தர ஊனத்தால் இனி குறையப்போகும் வருமானம், பின்னால் வரும் சிகிச்சைச் செலவு எல்லாம் இதில் அடங்கும். மற்றது, எண்ணிக் காட்ட முடியாத இழப்பு: வலியும் வேதனையும், பழையபடி வாழ முடியாமல் போனது, திருமண வாய்ப்பு குன்றியது, ஆயுள் குறைவது. சாதாரணக் காயம் என்றால் சிகிச்சைச் செலவு, விடுபட்ட சம்பளம், வலிக்கான தொகை மூன்றோடு முடிந்துவிடும். நிரந்தர ஊனம் இருந்தால்தான் மற்றவை உள்ளே வரும்.

இவற்றில் கனமானது வருங்கால வருமான இழப்பு. கணக்கு எளிதுதான். 32 வயது, சொந்தமாக வெல்டிங் தொழில், மாதம் 20,000 ரூபாய் வருமானம் என்று கொள்வோம். சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு அது 50 சதவீதம். ஆக மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. வயதுக்கேற்ற பெருக்கு எண் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணையில் இருக்கிறது. 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கினால் 53,76,000. சம்பாதிக்கும் திறன் 40 சதவீதம் குறைந்ததாகத் தீர்ப்பாயம் ஏற்றால் 21,50,400 ரூபாய். இறப்பு வழக்கில் சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டு உயிரோடு இருப்பவருக்கு அந்தக் கழிவு இல்லை.

இனி அதே வெல்டரிடம் வருமானத்துக்கு ஆதாரமே இல்லை, மாதம் 10,000 இருக்கலாம் என்று தீர்ப்பாயம் ஊகிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை 10,75,200ஆக, சரிபாதியாகிவிடும். காயம் அதே காயம். அதனால்தான் கூலியைக் கையில் வாங்குபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஜிபே ரசீது, வங்கிப் பாஸ்புக், வருமான வரிக் கணக்கு, கடை உரிமம், தொழிலாளர் நலவாரிய அட்டை, மேஸ்திரி எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சான்றோடு, விபத்துக்குப் பின் எந்தெந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். சேர்த்து வைத்த விடுப்பு சிகிச்சையில் கரைந்திருந்தால் அதையும் மனுவில் கேட்கலாம்.

ஊனச் சான்றிதழில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இடது காலில் 45 சதவீதம் என்று டாக்டர் எழுதினால் உடம்பு முழுவதற்கும் 45 சதவீதம் ஊனம் என்று பொருளல்ல. முழு உடலுக்கு எவ்வளவு, அதில் உங்கள் தொழிலைப் பாதிப்பது எவ்வளவு என்று தீர்ப்பாயம் தனித்தனியே பார்க்கும். ஆகவே சிகிச்சை தந்த டாக்டரோ மெடிக்கல் போர்டோ சான்று எழுதும்போதே உங்கள் வேலை என்னவென்று சொல்லுங்கள். ஏணி ஏற வேண்டிய எலக்ட்ரீசியனுக்கு முழங்கால் மடங்காதது எத்தனை பெரிய இழப்பு என்பது எக்ஸ்ரேயில் தெரியாது.

வேலை போய்விடுமோ என்ற பயம் அரசு ஊழியர்களுக்கு வேண்டாம். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை அதற்காக வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் துறையில் இந்தக் காப்பு இல்லாதது பெரிய குறைதான். சொந்த வீட்டு வேலையைப் பார்க்கும் பெண்களுக்கு வருமானமே இல்லை என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் வாதிட்டால் அசர வேண்டாம். அவர்கள் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. அந்த அவசரத்திலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சேர்க்கும்போது டூட்டி டாக்டர் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் வழக்கின் முதல் ஆவணம். போலீஸ் தொல்லைக்குப் பயந்து ‘சறுக்கி விழுந்தார்’ என்று உடன் வந்தவர் சொல்லிவிட்டால், இடித்த வண்டியைப் பின்னால் வழக்கில் கொண்டுவருவது பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி, வண்டி எண் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இடித்தவர் தவறை நிரூபிக்க முடியாத நிலையில் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் கேட்கலாம். இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் கிடைப்பது முறையே 50,000, 2 லட்சம். இந்தக் காலத்தில் 50,000 எந்த மூலைக்கு?

கம்பெனி வண்டியில் பணி நேரத்தில் அடிபட்ட டிரைவர், லோடுமேன் போன்றவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது: தொழிலாளர் இழப்பீடு. அங்கே யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வலிக்கென்று தனித்தொகையும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 167ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீடு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் பணிக்கால விபத்தாகக் கருதப்படும் என்பதையும், தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும் என்பதையும் சொல்லி வக்கீலிடம் முதலிலேயே கலந்து பேசுங்கள். அதற்கு முன்னால், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எவர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கோவையில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அந்த முடிவை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.