உயில் எழுதாத தாத்தா, ஏலத்துல போன நிலம்: அமெரிக்கக் கறுப்பின விவசாயிகளின் கணக்கு

போன வீடியோல நாமினி வேற, வாரிசு வேறன்னு பார்த்தோம். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: "சார், என் பேர்ல ஒண்ணும் இல்ல. ஊர்ல தாத்தா நிலத்துல ஒரு பங்கு இருக்கு, அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு உயில், பாகப்பிரிவினை எல்லாம்?" இதுக்குப் பதிலா இன்னிக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

முதல்ல நம்பர். 1920-ல் அமெரிக்காவில் சுமார் 9.25 லட்சம் கறுப்பின விவசாயிகள் இருந்தாங்க, மொத்த விவசாயிகளில் 14 சதவீதம். 2017 கணக்கெடுப்பில் 50,000 பேர்கூட இல்லை, 1.4 சதவீதம். 1910 வாக்கில் இவங்க கையில ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் சொந்த நிலம் இருந்தது. அதுல பெரும்பகுதி போயிடுச்சு.

அந்த நிலத்தை யாரும் சும்மா கொடுக்கலை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். மிச்சம் இருந்த வழி வாரத்துக்கு உழுவது. விதை, உரம், அரிசி, துணி எல்லாம் முதலாளி கடையில கடன். அறுவடை முடிஞ்சதும் கணக்குப் பார்ப்பாங்க. நோட்டு எழுதுறதும் அவரே, வட்டி போடுறதும் அவரே, பருத்திக்கு விலை சொல்றதும் அவரே. ஒரு ஆடிட்டரா எனக்கு இந்த இடம்தான் உறுத்துது: எதிர்த்தரப்பு பார்க்கவே முடியாத ஒரு லெட்ஜர். வருஷக் கடைசியில பாக்கி நிற்காம இருந்தா அதுதான் அதிசயம்.

சேமிக்கலாம்னா, அவங்களுக்காகவே 1865-ல் ஆரம்பிச்ச ஃப்ரீட்மேன்ஸ் சேவிங்ஸ் பேங்க் 1874-ல் மூடிக்கிட்டது. சுமார் 61,000 பேரோட, கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கிச்சு. அரசாங்கப் பேங்க்னு நம்பிப் போட்டவங்கதான் அதிகம்.

இதையெல்லாம் தாண்டித்தான் அந்த ஒன்றரைக் கோடி ஏக்கரை வாங்கினாங்க. வாங்கினதோட நிற்கவும் இல்லை. பருத்தியே போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணுக்கு நிலக்கடலை, தட்டைப்பயறுன்னு மாத்திப் பயிர் பண்ணச் சொல்லிக் கொடுத்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அலபாமாவில் டஸ்கிகீ கல்லூரியில் 1896-ல் சேர்ந்தவர். வாடிக்கையாளர் முன்கூட்டியே சந்தா கட்டிட்டு, தோட்டத்துக்கே வந்து பறிச்சுட்டுப் போற முறையைச் சின்ன விவசாயிகளுக்குப் பரப்பின புக்கர் டி. வாட்லியும் அதே டஸ்கிகீ பேராசிரியர்தான். இன்னிக்கு ஆப்ல காய்கறிக் கூடைக்கு மாசச் சந்தா கட்டுறோமே, அதே யோசனை.

அப்புறம் எப்படிப் போச்சு? மிரட்டி, அடிச்சுப் பிடுங்கினது ஒரு பக்கம். பேப்பர்ல போனது இன்னொரு பக்கம். அதைத்தான் நீங்க கவனிக்கணும்.

அன்னிக்குத் தென் மாநிலக் கோர்ட்டை கறுப்பினக் குடும்பங்கள் நம்பலை. நம்பினாத்தான் ஆச்சரியம். அதனால உயில் எழுதலை. பிரிக்காம பொதுவுல வெச்சா நிலம் குடும்பத்தை விட்டுப் போகாதுன்னு பலர் நினைச்சாங்க. நடந்தது நேர் எதிர்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தாத்தாவுக்கு 80 ஏக்கர், உயில் இல்லை, 5 பிள்ளைகள். ஆளுக்கு 5-ல் 1 பங்கு. அதுல ஒருத்தருக்கு 4 பிள்ளைகள், ஆளுக்கு 20-ல் 1 பங்கு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் சிகாகோவில் வேலை பார்க்கிறார், ஊரையே பார்த்ததில்லை. அவர் பங்கை ஒரு ரியல் எஸ்டேட் ஆள் சல்லிசா வாங்குறார். இப்ப அவரும் கூட்டுச் சொந்தக்காரர். மறுநாளே கோர்ட்டுக்குப் போய், "எனக்குப் பிரிச்சுக் கொடுங்க" என்கிறார். இத்தனை துண்டாப் பிரிக்க முடியாதுன்னு கோர்ட் மொத்தத்தையும் ஏலம் விடச் சொல்லுது. 80,000 டாலர் பெறுமான நிலம், கையில ரொக்கம் இருக்கிற ஒரே ஆள்கிட்ட 40,000-க்குப் போகுது. ஏலம் எடுத்தவரும் அவரே. அவர் பங்கா 2,000 டாலர் அவருக்கே திரும்புது! மிச்ச 38,000-ல் வழக்குச் செலவு போக, அங்கேயே பிறந்து உழுதுக்கிட்டு இருந்த குடும்பம் பங்கு பிரிச்சுக்கும்.

இதுல எந்த இடத்துலயும் சட்டம் மீறப்படலை.

நம்ம ஊர் 1893 பாகப்பிரிவினைச் சட்டத்துலயும் பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்கச் சொல்ல வழி இருக்கு. ஆனா அப்படி ஒருத்தர் கேட்டா, மத்த பங்குதாரர்கள் கோர்ட் மதிப்பிடுற விலைக்கு அவர் பங்கை வாங்கிக்கலாம்னு 3-வது பிரிவு சொல்லுது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2010-ல்தான் இதுக்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதினாங்க: முதல்ல மதிப்பீடு, அப்புறம் குடும்பத்துக்கு வாங்கிக்க வாய்ப்பு, அதுக்கும் அப்புறம்தான் விற்பனை, அதுவும் சந்தை விலைக்கு. ஒவ்வொரு மாநிலமா ஏத்துக்கிட்டு வருது.

ஏலம் வராத நிலத்துக்கும் சிக்கல்தான். தெளிவான பத்திரம் இல்லாததால அதை அடமானம் வைக்க முடியாது, அரசு விவசாயக் கடனும் புயல் நிவாரணமும் கிடைக்கிறது கஷ்டம். 2018 விவசாயச் சட்டம்தான் வேற ஆவணங்களைக் காட்டலாம்னு கதவைத் திறந்தது.

பத்திரம் சுத்தமா இருந்தவங்களும் தப்பிக்கலை, அதையும் சொல்லணும். ஜார்ஜியாவில் 1969-ல் சார்லஸ் ஷெரோட், ஷெர்லி ஷெரோட் முதலானவங்க சேர்ந்து நியூ கம்யூனிட்டீஸ்னு ஒரு அறக்கட்டளை மூலமா சுமார் 5,700 ஏக்கர் வாங்கினாங்க. யோசனை பாதி வினோபா பாவேயின் கிராமதானத்துல இருந்து வந்தது. வறட்சி வந்தப்ப கேட்ட அவசரக் கடன் வருஷக்கணக்கா இழுத்தடிக்கப்பட்டு, 1985-ல் நிலமே கைவிட்டுப் போச்சு. கடன் தர்றதுல விவசாயத் துறை பாகுபாடு காட்டுச்சுன்னு கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்டு வழக்கு 1999-ல் சமரசத்துக்கு வந்தது. அதன் கீழே 15,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு மொத்தம் சுமார் 100 கோடி டாலர் போச்சு. நியூ கம்யூனிட்டீஸுக்கு 2009-ல் சுமார் 1.2 கோடி டாலர் தீர்ப்பாச்சு. அந்தப் பணத்துல 2011-ல் 1,638 ஏக்கர் வாங்கினாங்க. ஒரு காலத்துல அது அடிமைகளை வெச்சு வேலை வாங்கின ஒரு பண்ணையாரோட தோட்டம்.

இந்தத் தடவை சொத்து யார் பேர்லயும் தனியா இல்ல, அமைப்போட பேர்லதான் இருக்கு. அதனால யாரோ ஒரு பேரனோட 20-ல் 1 பங்கை வெளி ஆள் வாங்கிட்டு வந்து நிற்க முடியாது. அடுத்த வீடியோல உயில் எழுதுறது, சாட்சி யாரைப் போடலாம், பதிவு பண்ணணுமா இதெல்லாம் பார்ப்போம். அதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போட்டு, தாத்தா நிலத்துப் பட்டா இப்ப யார் பேர்ல இருக்குன்னு மட்டும் கேட்டு வைங்க.